முப்பத்தேழாம் பம்பின் பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை, பம்பு ரூமைத் திறந்த ரேணுகாதேவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் போட்ட சத்தத்தில், தீப்பிடித்துவிட்டதாக்கும் என்று வாட்ச்மேன் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே தீயும் இல்லை, புகையும் இல்லை. ரேணுகாதேவி ஒரு மைக்ராஸ்கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நேராயிருச்சுங்ணா! முப்பத்தேழு நேராயிருச்சு!"

வாட்ச்மேனுக்கு முப்பத்தேழு என்றால் என்னவென்றும் புரியவில்லை, எது நேரானது என்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல சேதி என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு வாளியோடு திரும்பிப் போனார்.

கோவையில் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வாசலில் மூன்று வரிக்குப் பெயர் எழுதியிருந்தது. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் டீ கொண்டுவருகிறவருக்கும் அது பம்பு ரூம்தான். இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய். பாதி வழியில் கவட்டைக் குச்சி மாதிரி இரண்டாகப் பிரியும். ஒரு மனிதரின் கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் அச்சு அசல் நகல் அது. உள்சுவரில் படிந்திருப்பதும் அதே மனிதரின் செல்கள்தான். அந்த மனிதர் தாடைக்குக் கீழே காசளவு ஒரு வில்லை ஒட்டியிருப்பார். அவர் கழுத்தில் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதை வில்லை நொடி தவறாமல் அனுப்ப, இங்கே உள்ளங்கையளவு பம்பு ஒன்று அதே வேகத்தில் தன் குழாயில் ஓட்டிக் காட்டும். அவர் மாடிப்படி ஏறினால் இங்கே பம்பு வேகமெடுக்கும். அவர் தூங்கினால் இதுவும் அடங்கும். இதற்கு இரட்டை என்று பெயர். இரட்டைக்கு ஊட்டுகிற சாறில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைக் குடித்த செல்கள் அவசரமாக வாழும். ஆளுக்கு ஆறு மாதம் கழித்து வரப்போகிற அடைப்பு இரட்டையில் இன்றைக்கே தெரிந்துவிடும்.

நோய் வருமுன் காக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஏற்பாடு என்று ஒன்று வந்துவிட்டால் அதைச் சுற்றி சட்டமும் வந்துவிடும் அல்லவா? பயணிகளை ஏற்றி வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இரட்டை கட்டாயம், இரட்டையின் குழாய் முக்கால்வாசி அடைத்துவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

முப்பத்தேழாம் நம்பர் இரட்டைக்கு உரியவர் ஆறுச்சாமி. மேட்டுப்பாளையம் டிப்போவில் இருபத்தாறு வருடம் மலைப் பஸ் ஓட்டியவர். ரேணுகாதேவியின் வீட்டுக்காரர். ஆடி மாதம் அவருடைய இரட்டை எழுபத்தைந்தைத் தாண்டியது. மறுநாளே வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வண்டி போனதுகூடப் பெரிதில்லை. அவருக்குக் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடமே ரொம்ப மேலே, மண்டையோட்டை ஒட்டி இருந்தது. அங்கே கத்தியும் போகாது, கம்பியும் போகாது என்று மூன்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். போகிற போக்கில் தை மாதம் இரட்டை முழுக்க மூடிக்கொள்ளும். அப்படியென்றால் அடுத்த ஆடி மாதவாக்கில் ஆறுச்சாமிக்கு. தன் புருஷனுக்குக் கெடு குறித்த பெட்டியைத் தினமும் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓடவைப்பதுதான் ரேணுகாதேவியின் உத்தியோகம்.

அந்த முப்பத்தேழில்தான் இப்போது அதிசயம் நடந்திருந்தது.

டாக்டர் மெஹருன்னிசா வந்ததும் ரேணுகாதேவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது, உக்கடத்துக்காரர், பம்பு ரூமுக்குத் தலைவர். எதையும் மூன்று முறை பார்க்காமல் நம்பமாட்டார். மைக்ராஸ்கோப்பில் ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். மூன்றாவது முறை பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

குழாய் நேராகப் போகும் இடங்களில் செல்கள் எப்போதுமே ஒழுங்காக, ரத்தம் போகிற திசையில் நீளநீளமாகப் படுத்திருக்கும். கவடு பிரியும் ஓரத்தில்தான் வம்பு. அங்கே பண்டிகைக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, வீங்கி, முட்டி மோதிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கில்தான் கொழுப்பு வந்து சேரும். போன புதன்கிழமை வரை முப்பத்தேழும் அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த ஓரத்துச் செல்களும் வரிசைக்கு வந்திருந்தன. அடைப்பு எழுபத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

"அடைப்பு இறங்குமா ரேணு? ஏறித்தானே பாத்திருக்கோம்?"

"அதுதானுங் நானும் கத்துனேன்."

"நாலு நாள்ல என்ன செஞ்சீங்க இதுக்கு?"

"ஒண்ணுமே செய்யலீங். பொட்டு வெச்சதோட சரி."

டாக்டர் மெதுவாகத் திரும்பி முப்பத்தேழாம் பம்பைப் பார்த்தார்.

பொட்டு விவகாரம் அவருடைய அனுமதியோடு நடந்ததுதான். ரேணுகாதேவியின் அப்பா கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர். ஆயுத பூஜையன்று ஒரு மோட்டார் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இல்லாமல் இருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே டாக்டரிடம் போய் நின்றாள். "பொட்டு வைங்க, பொரி குடுங்க, எனக்கும் ரெண்டு கை குடுங்க. ஆனா ஒரு பம்பையும் ஒரு செகண்டுகூட நிறுத்தக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். அன்று முதல் அப்படித்தான் நடந்து வந்தது. எல்லாப் பம்புகளுக்கும் அவள் மோதிர விரல் நுனியால் அளவாகத்தான் பொட்டு வைப்பாள். இந்த வருடம் முப்பத்தேழுக்கு மட்டும் கை தாராளமாகிவிட்டது. கட்டை விரலால் அள்ளி அப்பியிருந்தாள். ஏன் என்று கேட்கிறவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

அப்பிய சந்தனம் வழிந்து, காய்ந்து, குழாயில் ஓடுவதைப் பார்க்கும் பம்பின் கண்ணாடிக் கண்ணில் கீழ்ப்பாதியை மூடியிருந்தது.

"ரேணு, கண்ணோட கீழ்ப்பாதி எதைப் பாக்கும்?"

"பின்னோட்டத்தைங்க. ரத்தம் முன்னால போறதை மேல்பாதி பாக்கும், பின்னால திரும்பறதைக் கீழ்ப்பாதி பாக்கும்."

"ஒவ்வொரு துடிப்புலயும் ஒரு சின்ன நேரம் கவட்டை ஓரத்துல ரத்தம் பின்னால திரும்பும். அந்த நேரத்துல நம்ம பம்புக்குக் கண்ணு தெரியல. கண்ணு தெரியலைன்னா பம்பு என்ன பண்ணும்?"

"மெதுவா முன்னால தள்ளுமுங்க. காத்துக் குமிழி வந்து கண்ணை மறைச்சா நின்னுறக் கூடாதுன்னு நான்தான் அப்படி எழுதி வெச்சேன்..." என்றவள் பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"துடிப்புக்குத் துடிப்பு, ரத்தம் பின்னால திரும்பற அந்த நேரத்துக்கு மட்டும், ஒரு சின்னத் தள்ளு! நாலு நாளா! பின்னால போறதா முன்னால போறதான்னு அந்தச் செல்லுகளுக்கு இருந்த குழப்பம் தீந்திருச்சு. ஒரே திசைன்னு தெரிஞ்சதும் ஒழுங்காப் படுத்திருச்சு. வேகமாத் தள்ளிப் பாத்தோம், மெதுவாத் தள்ளிப் பாத்தோம், மருந்து ஊத்திப் பாத்தோம். இந்த ஒரு இடத்துல மட்டும் தள்ளணும்னு எந்த மடையனுக்கும் தோணல ரேணு! எனக்கும் தோணல!"

மூன்று முறை பார்க்காமல் நம்பாத டாக்டர் மெஹருன்னிசா ரேணுகாதேவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அங்கேயே குதித்தார். அவள் கைப்பை அப்போதும் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வேறு மூன்று பம்புகளின் கண்ணைக் கீழ்ப்பாதி மட்டும் மறைத்துப் பார்த்தார்கள். சந்தனத்துக்குப் பதில் கறுப்பு டேப். மூன்றும் தேறின. ரேணுகாதேவி காலையில் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். அவளுக்கு முன்னால் டாக்டர் வந்திருப்பார். முப்பத்தேழு அறுபத்திரண்டுக்கு இறங்கியது. பதினோராம் நாள் காலை டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உக்காருங்க ரேணு. டெல்லியில பேசிட்டேன். தையில குழு வருது. அதுக்குள்ள நாப்பது இரட்டையில சோதனை. இருபதுக்குத் தள்ளு உண்டு, இருபதுக்கு இல்ல. தேறின இருபது இரட்டையோட ஆளுகளுக்குத்தான் அடுத்த கட்டம். கெண்டைக்கால்ல பட்டை கட்டி, சரியான நேரத்துக்கு அமுக்கி, ரத்தத்தைக் கழுத்துக்குத் தள்ற மெஷின். மத்த இருபது பேருக்கு அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு."

"முப்பத்தேழு தள்ளு இருக்கற பக்கம்தானுங்களே?"

"பொட்டு வெச்சதும் தேறுச்சு. பொட்டை எடுத்தா மறுபடி கெடணும். கெட்டாத்தான் பொட்டாலதான் தேறுச்சுன்னு நாலு பேர் நம்புவாங்க. இல்லேன்னா விடுமுறையில யாரோ சாறு மாத்தி ஊத்திட்டாங்கன்னு சொல்லி மூடிருவாங்க. முதல்ல தேறினது முப்பத்தேழு. அதுதான் தள்ளு இல்லாத பக்கம் போகணும். உங்களை இதுக்குக் கேக்கறது கொடுமைன்னு எனக்குத் தெரியும். வேணும்னா நானே துடைக்கிறேன்."

ரேணுகாதேவிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கணக்குப் பேசுகிற இந்த அம்மாவின் கழுத்தில் அந்த வில்லை இருந்தால் இப்படிப் பேசுவாரா என்று நினைத்தாள். நினைத்த கையோடு, அவர் சொல்வதில் பிசகு ஒன்றும் இல்லை என்பதும் அவளுக்கே தெரிந்தது. பதினெட்டு வருடமாகப் பம்பு பார்க்கிறவள். இந்த ஒரு சோதனை ஜெயித்தால் நாடு முழுக்க எத்தனை கழுத்துக்கு விமோசனம் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வெச்சது நானுங்க. நானே எடுத்தர்றேன்."

ஈரத் துணியால் துடைத்தாள். நாளான சந்தனம், லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆறுச்சாமிக்குத் தோசை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பொய் சொல்லி மறைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"உங்களை அந்தப் பக்கம் போட்டுட்டாங்க மாமா. நானே துடைச்சுப்போட்டு வந்தேன்."

ஆறுச்சாமி தோசையைப் பிய்த்தவர் வாயில் வைக்காமல், "அதை உடு அம்முணி. அந்தத் தள்ளு சமாசாரத்தை மறுக்காச் சொல்லு. எந்த நேரத்துல தள்ளோணும்?" என்று கேட்டார்.

"நெஞ்சு ஒருக்கா அடிச்சு ஓயுதில்லீங்? ஓஞ்ச உடனே கவட்டை ஓரத்துல ரத்தம் சித்தெப் பின்னால வருமுங்க. அப்பத் தள்ளோணும். முன்னாலயும் ஆகாது, பின்னாலயும் ஆகாது."

"அட! மலையில ஏறும்போது வளைவுல நிப்பாட்டி எடுத்தா வண்டி பின்னால ஒரு சாண் உருளுமே, அந்த மாதிரியா? அந்த நேரத்துல கண்டக்டர் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வெப்பான். அதுதான் இது."

"அதேதானுங்!" துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருடம் மலை ஏறியவருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

"நேர் ரோட்டுல யாரு வண்டியைக் கவுத்தறான்? எல்லாம் வளைவுலதான். கழுத்துக்குள்ளயும் அந்தக் கதைதானாக்கும். செரி, எவ்வளவு தள்ளோணும்? காலை அமுக்குனா நெசமாவே கழுத்துக்கு வருமா?"

"கெண்டைக்கால்ல அமுக்குனா வருமுங்க. ரொம்ப வேண்டாம், பிரஷர் பாக்கறப்ப டாக்டர் கையில பட்டை இறுக்குவாங்களே, அதுல பாதி" என்று சொல்லி, பழைய காலண்டர் தாளின் பின்புறம் படமாகவே போட்டுக் காட்டினாள். கேள்வி கேட்டே பழக்கமில்லாத மனிதர் அன்றைக்கு இத்தனை கேட்கிறாரே, மனசு ஆறுவதற்குக் கேட்கிறார் போலிருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இரண்டு தோசை அதிகமாகவே ஊற்றினாள்.

மறுநாள் முதல் ஆறுச்சாமி வழக்கம்போல டிப்போவுக்குப் போனார். வண்டி இல்லாவிட்டாலும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் நிற்கும் செட்டில் உட்கார்ந்திருப்பார். அவரைப் போல இறக்கிவிடப்பட்ட மலை டிரைவர்கள் இன்னும் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம் என்பார்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. தள்ளு கிடைத்த இருபது இரட்டைகளும் சொல்லிவைத்த மாதிரித் தேறின. பலகையில் எண்கள் இறங்க இறங்க டாக்டர் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். ரேணுகாதேவியும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். ஆனால் முப்பத்தேழின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. முதல் வாரம் அறுபத்திரண்டு அறுபத்தைந்தாக ஏறியதைப் பார்த்தாள். அதற்கு மேல் தாங்காமல் அந்த வரிசையைக் கவனிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள். எண்ணைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

தை பிறந்து நான்காம் நாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். குழு வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அறைக் கதவைச் சாத்தினார்.

"ரேணு, முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. முப்பத்தேழைத் தொட்டீங்களா?"

"இல்லீங்களே. ஏனுங்?"

"நாப்பத்தொம்பது."

ரேணுகாதேவிக்கு ஒரு கணம் அந்த எண் மண்டைக்குள் இறங்கவில்லை. இந்நேரம் தொண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டிய எண் அது. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"உங்க வீட்டுக்காரர். எனக்குப் புரியுது. உங்க இடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆனா பொட்டு இல்லாமயும் தேறுதுன்னா பொட்டுக்கு என்ன மதிப்பு? குழு முதல்ல கேக்கறதே முப்பத்தேழைத்தான். எல்லாம் புஸ்ஸுனு போயிரும் ரேணு. மத்த கழுத்துகளும்தான்."

"அப்பன் பட்டறை மேல சத்தியமுங்க. அந்தப் பம்புக்கு நான் கிட்டக்கூடப் போகல." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "வாங்க, பம்பு பதிவைப் பாக்கலாம். பம்பு பொய் சொல்லாதுங்க."

பார்த்தார்கள். முப்பத்தேழாம் பம்பு மூன்று மாதமாக ஒரு முறைகூடச் சொந்தமாகத் தள்ளவில்லை. கழுத்து வில்லை அனுப்பியதை அனுப்பியபடியே ஓட்டியிருந்தது. ரேணுகாதேவி அதற்கும் முந்தின பதிவைத் திறந்தாள், வில்லையிலிருந்து வந்ததை. இத்தனை நாளும் யாரும் அதைத் திறந்ததில்லை. ஆளின் கழுத்து ஓடுகிறபடி ஓடும், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒவ்வொரு துடிப்பும் ஏறி, இறங்கி, பள்ளத்துக்குப் போக வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது.

"டாக்டர்..." ரேணுகாதேவியின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "பம்பு தள்ளலீங்க. ரத்தமே தள்ளுதுங்க."

டாக்டர் அவளை நகர்த்திவிட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தார். நாள் வாரியாகப் புரட்டினார். மேடு காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கிறது. ஒரு மணிக்கு நிற்கிறது. இரண்டுக்கு மறுபடி ஆரம்பித்து ஐந்துக்கு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. பொங்கலுக்கும் இல்லை.

"இதென்ன ரேணு, ரத்தம் ஆபீஸ் நேரம் பாத்து ஓடுது?"

பழைய காலண்டர் தாள் ஒன்று ரேணுகாதேவியின் கண்முன் வந்து நின்றது. மறுநாள் காலை தேடியபோது அது காணோம் என்பதும், போய்த்தொலையட்டும் என்று விட்டதும் நினைவுக்கு வந்தன.

டாக்டர் அதற்குள் தள்ளு இல்லாத பக்கத்து மற்றப் பத்தொன்பதையும் திறந்துகொண்டிருந்தார். இத்தனை நாளும் அந்தப் பக்கத்தின் மொத்தச் சராசரியை மட்டும்தான் பார்த்து வந்திருந்தார். பதினாறு ஒழுங்காக, அதாவது எதிர்பார்த்தபடி, கெட்டுக்கொண்டிருந்தன. நாற்பத்தொன்று, எண்பத்தெட்டு, நூற்றிரண்டு மூன்றிலும் அதே மேடு, அதே பத்து மணி, அதே ஐந்து மணி. "யாரு இவங்க?" என்றார் டாக்டர்.

"மலை டிரைவருகளுங்க. நாலு பேரும் ஒரே டிப்போ."

மேட்டுப்பாளையம் போகும் காரில் டாக்டர் விரலால் கதவில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். அது கோபத் தாளமா வேறு தாளமா என்று ரேணுகாதேவியால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் வேலை போனாலும் போகட்டும், இந்த மனுஷன் உயிரோடு விளையாடியிருக்கிறாரே, ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒரு பக்கம் பயந்தாள். நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது என்று இன்னொரு பக்கம் மனசு குதித்துக்கொண்டும் இருந்தது.

டிப்போ செட்டின் கடைசியில், கழித்துப்போட்ட பஸ் ஒன்றின் மறைவில், பெஞ்சில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேருடைய வேட்டியும் முழங்காலுக்கு மேலே மடித்திருந்தது. கெண்டைக்கால்களில் டூவீலர் டியூபை வெட்டித் தார்ப்பாயில் வைத்துத் தைத்த பட்டைகள். பட்டையிலிருந்து ஹோஸ் கிளம்பிப் பஸ் கதவைத் திறந்து மூடுகிற வால்வுக்குப் போனது. வால்வு பிரேக்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கு. ஒவ்வொருவர் மடியிலும் செல்போன். அதில் ஓடும் கழுத்து வில்லையின் துடிப்பைப் பார்த்து வால்வு திறந்து மூடியது. புஸ், புஸ், புஸ் என்று நாலு பேர் காலும் தத்தம் நெஞ்சுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பஸ் கதவுச் சத்தம்தான். தினமும் செட்டில் நூறு முறை கேட்கிற சத்தம், யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆறுச்சாமி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். ஹோஸ் இழுத்தது. மறுபடி உட்கார்ந்தார்.

ரேணுகாதேவி போய் அவர் தோளிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். "என்னங் பண்ணி வெச்சிருக்கீங்க? நான் காலண்டர்ல கிறுக்குனதை நம்பி உசுரை வெப்பீங்களா? ஒரு எழுத்து தப்பா எழுதியிருந்தா?"

"நீ தப்பா எழுதமாட்டே அம்முணி."

இன்னொன்று வைக்க ஓங்கிய கை அப்படியே அவர் தோளில் தங்கிவிட்டது.

டாக்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். வால்வைப் பார்த்தார். ஒருவர் கெண்டைக்காலில் விரல் வைத்துப் பத்துத் துடிப்பு எண்ணினார். "நீங்க மட்டும் பண்ணியிருந்தாக்கூட உயிருக்குப் பயந்து பண்ணீங்கன்னு சொல்லலாம். இவங்களை ஏன் சேத்தீங்க?"

"அப்படிக் கேட்டா எப்படிங் டாக்டரம்மா? மலையில ஒருத்தன் வண்டி பின்னால உருண்டா கீழ வர்ற வண்டிக்காரனும் ஓடி வந்து கட்டை வெப்பான். பாத்துட்டு ஓரமா நிக்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. உங்க சோதனையைக் கெடுத்துப்போட்டோம்னு ரேணு சொல்லித்தான் தெரியோணும்னு இல்லீங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா ரேணுவுக்கு இது தெரியாதுங்க. அவ மேல பழி போடாதீங்க."

டாக்டர் மெஹருன்னிசா பெஞ்சின் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாம் கட்டம் முழுசா முடிய மூணு வருஷம் ஆகும்னு எழுதிக் குடுத்திருக்கேன் ரேணு. மனுஷக் கால்ல மெஷின் கட்டி முடிவு சொல்றதுக்கு மட்டும் மூணு வருஷம்! இங்க பஸ் கதவு வெச்சு முடிச்சிருக்காங்க. சோதனை கெட்டுச்சு. ஆனா என் பெட்டியில தேறினது குழாய். இங்க தேறினது ஆளு." சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "பதினாறு பேர் மிச்சம். அந்தப் பதினாறு இரட்டையும் கெட்டுட்டு இருக்கறதைப் பாத்து நான் மூணு மாசமாச் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன், நம்ம கணக்கு சரியா வருதுன்னு. பாட்டு வேற பாடினேன்."

புஸ், புஸ் என்று கால்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

டாக்டர் செல்போனை எடுத்தார். "குழுகிட்ட நான் பேசிக்கறேன். நடந்தது நடந்தபடி சொல்லுவேன். திட்டுவாங்க, திட்டட்டும். ரேணு, அந்தப் பதினாறு பேர் பேரையும் எடுங்க. இன்னைக்கே கூப்பிடணும். ஏனுங்க, இந்த மாதிரி பட்டை இன்னும் எத்தனை தைக்கலாம்? இப்படி வெறும் பிரேக் காத்துல வேண்டாம், அழுத்தம் மேல போகாம ஒரு பூட்டு வேணும். அதை ரேணு பாத்துக்குவாங்க."

"டியூப் இருந்தா ஒரு நாளைக்கு நாலு ஜோடி தைக்கலாமுங்க" என்றார் எண்பத்தெட்டாம் நம்பர்க்காரர்.

ரேணுகாதேவி அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கக் கம்ப்ரஸரின் பக்கத்தில் குனிந்தாள். காட்டும் முள் சரியான இடத்தில்தான் நின்றிருந்தது. அதற்கு மேலே, கம்ப்ரஸரின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த நெற்றியில், கட்டை விரலால் அள்ளி அப்பிய சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. தொட்டாள். விரலில் ஈரமாக ஒட்டியது.

"இன்னைக்கு வெச்சதாட்ட இருக்குதுங்களே? ஆயுத பூஜை போயி மூணு மாசமாச்சு."

ஆறுச்சாமி சங்கடமாக நெளிந்தார். "தெனமும் காலையில வெச்சுட்டுத்தான் ஓட உடறது."

"இதுக்குத்தான் கண்ணே இல்லீங்களே மாமா. பொட்டு வெச்சு எதை மறைக்கறது?"

"மறைக்கறதுக்கு இல்ல அம்முணி. அன்னைக்கு நீ சொரண்டிப்போட்டு வந்தே பாரு, உன்ற நகத்துக்குள்ள சந்தனம் இருந்துச்சு. தோசை ஊத்தும்போது பாத்தேன். அங்க எடுத்ததை எங்கியாச்சும் வெக்கோணும்னு தோணுச்சு."

ரேணுகாதேவி விரலில் ஒட்டிய சந்தனத்தை அவர் நெற்றியில் வைத்துவிட்டு, பதினாறு பேரில் முதல் ஆளுக்குப் போன் போட்டாள்.